எதை? யாரை? – ஆங்கிலப் பாட்டுகளில் இடம் மாறும் வினைச்சொற்கள்



இந்த மாதச் சுவரிதழில் ஆங்கிலப் பகுதி என் பொறுப்பு. "ஐயோ, இலக்கணமா!" என்று பக்கத்துத் தாளுக்கு ஓடிவிடாதீர்கள். இதில் பாட்டு இருக்கு, முட்டையிடும் கோழி இருக்கு, மாட்டுக்கு மருந்து புகட்டுவது கூட இருக்கு. கடைசியில் பத்துக் கேள்வியும் இருக்கு. விடையும் அங்கேயே இருக்கு. பார்க்காமல் எழுதுகிறவர்கள் புத்திசாலிகள்!

சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே, உலகமெல்லாம் கேட்கிற பாட்டுகளிலேயே, சில வினைச்சொற்களை இடம் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுகிற அதே இடத்தில் நாம் தடுமாறாமல் நிற்க முடியும். அதற்கான சாவி நம் தமிழ்ப் பாடத்தில் இருக்கிறது. எப்படி என்று கேட்கிறீர்களா? வாருங்கள்.

1. முதலில் சாவி

தமிழ் ஐயா நமக்குத் தன்வினை, பிறவினை நடத்தியிருக்கிறார். நாமே செய்தால் தன்வினை. இன்னொருவரையோ இன்னொரு பொருளையோ செய்ய வைத்தால் பிறவினை.

பந்து உருண்டது. இது தன்வினை.
நான் பந்தை உருட்டினேன். இது பிறவினை.

ஆடு – ஆட்டு, ஓடு – ஓட்டு, திருந்து – திருத்து, எழு – எழுப்பு, நட – நடத்து. இப்படித் தமிழில் ஜோடி ஜோடியாகச் சொற்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடமே போகாத நம்ம ஊர்ப் பாட்டிகள் யாராவது "குழந்தையை எழுந்தேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "குழந்தையை எழுப்பினேன்" என்றுதான் சொல்லுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அது சரியாக வருகிறது.

ஆங்கிலத்திலும் இப்படிச் சில ஜோடிகள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும். வினைச்சொல்லைச் சொல்லிவிட்டு, "எதை? யாரை?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் ஒரு சொல். பதில் வராவிட்டால் இன்னொரு சொல். இந்தக் கேள்வியை மனசில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் இதுதான் நமக்குத் துணை.

2. 'லை'யும் 'லே'யும்

ஆங்கிலத்திலேயே அதிகம் பேரைக் குழப்புகிற ஜோடி இதுதான்.

எல், ஐ, இ என்று எழுதுவது 'லை'. படு, கிட என்று பொருள்.
எல், ஏ, ஒய் என்று எழுதுவது 'லே'. கிடத்து, வை, இடு என்று பொருள்.

அப்பா பாயில் படுக்கிறார். எதைப் படுக்கிறார்? பதில் இல்லை. ஆகவே 'லை'.
அம்மா குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள். யாரைக் கிடத்துகிறாள்? குழந்தையை. ஆகவே 'லே'.
கொத்தனார் செங்கல் வைக்கிறார். எதை வைக்கிறார்? செங்கல்லை. ஆகவே 'லே'.
கோழி முட்டையிடுகிறது. எதை இடுகிறது? முட்டையை. ஆகவே 'லே'.

மறந்து போனால் கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். கோழி சும்மா படுத்துக் கிடந்தால் 'லை'. முட்டையிட்டால் 'லே'. நம் வீட்டுக்கு லாபம் தருவது 'லே'தான்!

இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் குழப்பம்? காரணம் இறந்தகாலத்தில் ஒளிந்திருக்கிறது. மூன்று வடிவங்களையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.

படு: லை – லே – லெய்ன்
கிடத்து: லே – லெய்ட் – லெய்ட்

பார்த்தீர்களா வேடிக்கையை? 'படுத்தேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'லே'. 'கிடத்து' என்பதற்கும் 'லே'. ஒருத்தியின் இறந்தகாலமும் இன்னொருத்தியின் நிகழ்காலமும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. இரட்டைப் பிள்ளைகளில் யார் அக்கா, யார் தங்கை என்று தெரியாமல் முழிக்கிற மாதிரிதான்.

போதாததற்குப் 'பொய் சொல்' என்பதற்கும் அதே எல், ஐ, இ தான். அதன் இறந்தகாலம் மட்டும் 'லைட்'. எல், ஐ, இ, டி. அதையும் கணக்கில் சேர்த்தால் மூன்று பேர் ஆகிவிடுகிறார்கள்.

3. பாட்டுகளில் 'லே'

இப்போது பாட்டுக்கு வருவோம். பாப் டிலன் அமெரிக்கப் பாடகர். 2016-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். பாட்டு எழுதுகிறவருக்கு அந்தப் பரிசா என்று அப்போது உலகமே பேசியது. 1969-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பாட்டு ஒன்றின் பெயர் 'லே லேடி லே'.

தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்ணைப் பார்த்துப் 'படு' என்று சொல்கிறார். எதைப் படு? பதில் இல்லை. அப்படியானால் இலக்கணப்படி 'லை லேடி லை' என்றுதான் வர வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் என்ன ஆகும்? "பொய் சொல்லு பெண்ணே, பொய் சொல்லு" என்றும் பொருள் வந்துவிடும்! ஓசையும் கெட்டுவிடும். 'லே லேடி லே' என்று சொல்லும்போது மூன்று சொல்லும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி நீளுகின்றன. நம் செய்யுளில் மோனை என்று படிக்கிறோமே, அது மாதிரி.

எரிக் கிளாப்டன் இங்கிலாந்து நாட்டு கிடார் கலைஞர். 1977-இல் வந்த அவருடைய பாட்டு ஒன்றின் பெயர் 'லே டவுன் சாலி'. சாலி என்பது பெண்ணின் பெயர். இங்கேயும் படுக்கப் போவது சாலிதான். அவள் எதையும் கிடத்தப் போவதில்லை. ஆகவே 'லை டவுன்' என்று இருந்திருக்க வேண்டும்.

இது இந்தக் காலத்துப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். பைரன் பிரபு என்று ஓர் ஆங்கிலக் கவிஞர். 1818-இல் வெளிவந்த 'சைல்ட் ஹெரால்டின் யாத்திரை' நான்காம் காண்டத்தில் கடலைப் பற்றிப் பாடும் இடத்தில், ஒரு வரியின் முடிவில் 'லை' வர வேண்டிய இடத்தில் 'லே' போட்டுவிட்டார். மேலே உள்ள வரிகளின் கடைசி ஓசையோடு பொருந்த வேண்டுமே! அதற்காகத்தான். 200 ஆண்டுகள் கழித்தும் இலக்கணக்காரர்கள் அந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சரியாக எழுதியவர்களும் உண்டு. சைமன், கார்ஃபங்கல் என்ற இருவர் சேர்ந்து பாடிய 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்' 1970-இல் வந்தது. கலங்கிய தண்ணீரின் மேலே ஒரு பாலம் என்று தலைப்புக்குப் பொருள். அதிலும் 'லே' வருகிறது. ஆனால் அதன் பக்கத்திலேயே 'என்னை' என்ற சொல்லும் வருகிறது. யாரைக் கிடத்துகிறார்? தன்னையே, பாலம் மாதிரி. கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ஆகவே அங்கே 'லே' நூற்றுக்கு நூறு சரி.

இன்னொரு பாட்டுதான் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். 'ஸ்னோ பேட்ரோல்' என்ற இசைக்குழு 2006-இல் வெளியிட்ட 'சேசிங் கார்ஸ்'. அதன் பல்லவியில் 'லே' வருகிறது. பாடுகிறவர் படுப்பதைப் பற்றித்தான் சொல்கிறார். "பார், இங்கேயும் தப்பு" என்று பலர் குற்றம் சொல்கிறார்கள். ஆனால் அவசரப்படக் கூடாது. அது 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியம். பின்பாதியில் 'வுட்' வருகிறது. நமக்கு இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்ன? பின்பாதியில் 'வுட்' வந்தால் முன்பாதியில் வினை இறந்தகால வடிவத்தில் வர வேண்டும். 'லை'யின் இறந்தகால வடிவம் என்ன? 'லே'! அப்படியானால் அந்த 'லே' சரிதான். நாமும் தமிழில் 'படுத்தால்' என்றுதானே சொல்கிறோம்? அதற்குள்ளே 'படுத்த' என்ற இறந்தகாலம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

ஆகவே தோழிகளே, தப்பு என்று சொல்வதற்கு முன்னாலும் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

4. 'ரைஸ்' உம் 'ரெய்ஸ்' உம்

ஆர், ஐ, எஸ், இ என்று எழுதுவது 'ரைஸ்'. எழு, உதி, உயர் என்று பொருள். சாப்பிடுகிற ரைஸ் வேறு. அதில் எஸ்ஸுக்குப் பதில் சி வரும்.
ஆர், ஏ, ஐ, எஸ், இ என்று எழுதுவது 'ரெய்ஸ்'. எழுப்பு, தூக்கு, உயர்த்து, வளர் என்று பொருள்.

சூரியன் உதிக்கிறது. எதை? பதில் இல்லை. 'ரைஸ்'.
கையைத் தூக்கு. எதை? கையை. 'ரெய்ஸ்'.
நாங்கள் ஆடு வளர்க்கிறோம். எதை? ஆட்டை. 'ரெய்ஸ்'.

இந்த ஜோடியில் பாட்டுக்காரர்கள் நமக்கு நல்ல உதாரணங்கள் தந்திருக்கிறார்கள். 1964-இல் 'தி அனிமல்ஸ்' என்ற இங்கிலாந்துக் குழு பாடிப் புகழ்பெற்ற பழைய நாட்டுப்புறப் பாட்டு 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. உதிக்கும் சூரியன். சூரியன் தானே உதிக்கிறது. ஆகவே 'ரைசிங்'. 1969-இல் அமெரிக்கக் குழு ஒன்று பாடிய 'பேட் மூன் ரைசிங்'கில் நிலாவும் தானே எழுகிறது. அதுவும் சரி.

2005-இல் 'வெஸ்ட்லைஃப்' என்ற அயர்லாந்துக் குழு பாடிய பாட்டு 'யூ ரெய்ஸ் மீ அப்'. அவர்களுக்கு முன்பும் சிலர் அதைப் பாடியிருக்கிறார்கள். "நீ என்னை உயர்த்துகிறாய்" என்று பொருள். யாரை? 'மீ', அதாவது என்னை. 'ரெய்ஸ்' சரி.

இந்த மூன்று தலைப்பையும் மனப்பாடம் செய்துவிட்டால் போதும். பரீட்சையில் 'ரைஸ்', 'ரெய்ஸ்' வந்தால் சூரியனையும் நிலாவையும் 'மீ'யையும் நினைத்துக்கொண்டு எழுதிவிடலாம்.

5. 'சிட்' உம் 'செட்' உம்

'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் வை, உட்கார வை.

ஓடிஸ் ரெட்டிங் என்ற அமெரிக்கப் பாடகர், கப்பல் துறையில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி 'சிட்டிங் ஆன் தி டாக் ஆஃப் தி பே' என்று ஒரு பாட்டுப் பாடினார். பாடிப் பதிவு செய்த சில நாட்களிலேயே, 1967 டிசம்பர் 10-இல் விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 26. பாட்டு 1968 ஜனவரியில் வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதைக் கேட்க அவர் இல்லை. அதில் அவர் உட்கார்ந்திருக்கிறார், யாரையும் உட்கார வைக்கவில்லை. ஆகவே 'சிட்'.

2011-இல் அடெல் என்ற இங்கிலாந்துப் பாடகியின் 'செட் ஃபயர் டு தி ரெயின்' புகழ்பெற்றது. மழைக்குத் தீ வைத்தேன் என்று பொருள். பாருங்கள், நாமும் 'தீ வை' என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் 'வை' என்ற பொருளுள்ள 'செட்' தான். எதை வைத்தாள்? தீயை.

ஆனால் ஒரு விதிவிலக்கு. சூரியன் மறைவதற்கும் 'செட்' தான் சொல்ல வேண்டும். சிமெண்ட் இறுகுவதற்கும் 'செட்' தான். "சிமெண்ட் செட் ஆகட்டும், மிதிக்காதே" என்று கொத்தனார் மாமா சத்தம் போடுவாரே! இந்த இரண்டு இடத்திலும் 'எதை?' என்ற கேள்விக்குப் பதில் வராது. இதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

6. கொண்டு வா, கொண்டு போ, கற்றுக்கொள், கற்றுக்கொடு

'பிரிங்' என்றால் கொண்டு வா. 'டேக்' என்றால் கொண்டு போ. நாம் 'வா'வையும் 'போ'வையும் மாற்றிச் சொல்லுவோமா? மாட்டோம். பேசுகிறவரோ கேட்கிறவரோ இருக்கிற இடத்துக்கு என்றால் 'வா'. வேறு இடத்துக்கு என்றால் 'போ'. ஆங்கிலத்திலும் பெரும்பாலும் அப்படியே.

சாம் குக் என்ற பாடகரின் 1962-ஆம் ஆண்டுப் பாட்டு 'பிரிங் இட் ஆன் ஹோம் டு மீ'. "என்னிடம் கொண்டு வா" என்கிறார். ஆகவே 'பிரிங்'. ஜான் டென்வர் 1971-இல் பாடியது 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்'. ஊர்ச் சாலைகளைப் பார்த்து "என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார். அவர் இன்னும் வீட்டில் இல்லை, வெளியூரில் இருக்கிறார். ஆகவே 'டேக்'. இரண்டு பாட்டிலும் வீடு வருகிறது. ஆனால் பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. அயர்லாந்து மக்களின் பேச்சில் மட்டும் 'டேக்' வர வேண்டிய இடத்திலும் 'பிரிங்' வருவதுண்டு.

அதேபோல் 'லேர்ன்' என்றால் கற்றுக்கொள். 'டீச்' என்றால் கற்றுக்கொடு. கொள்வதும் கொடுப்பதும் ஒன்றாகுமா? ஆனால் ஆங்கில நாடுகளின் கிராமத்துப் பேச்சில் 'டீச்' சொல்ல வேண்டிய இடத்தில் 'லேர்ன்' சொல்வது நெடுநாள் வழக்கம். 1970-இல் வந்த 'டீச் யுவர் சில்ட்ரன்' என்ற பாட்டின் தலைப்பு சரியாக இருக்கிறது. யாருக்குக் கற்றுக்கொடு? உன் பிள்ளைகளுக்கு.

7. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் பிறவினை

உங்களுக்குத் தெரியுமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே தன்வினை – பிறவினை ஜோடிகள் நிறைய இருந்தன. லை – லே, சிட் – செட் எல்லாம் அந்தப் பழைய குடும்பத்தின் மிச்சம்தான்.

'ஃபால்' என்றால் விழு. அதன் ஜோடி 'ஃபெல்'. மரத்தை வெட்டி வீழ்த்துவது. விழு – வீழ்த்து! நம் ஜோடி மாதிரியே இல்லையா? இதிலும் அதே வில்லங்கம் இருக்கு. 'விழுந்தது' என்பதற்கும் 'ஃபெல்' தான்.

'டிரிங்க்' என்றால் குடி. அதன் ஜோடி 'டிரென்ச்'. முதலில் 'குடிக்க வை' என்றுதான் பொருள். இப்போது 'தொப்பலாக நனை' என்று மாறிவிட்டது. ஆனால் ஆடு மாடு வளர்க்கிற ஆங்கில விவசாயிகள், மிருகத்துக்கு வாய்வழியாக மருந்து கொடுப்பதை இன்றும் 'டிரென்ச்' என்கிறார்கள். நம் தாத்தாமார் மூங்கில் குழாயில் மாட்டுக்கு மருந்து புகட்டுவார்களே, அதேதான்.

'ரெய்ஸ்' மட்டும் வடக்கே இருந்து கப்பலில் வந்த நார்ஸ் மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, 'ரைஸ்'ஸோடு ஜோடி சேர்ந்தது.

காலப்போக்கில் இந்தக் குடும்பம் சிதறிவிட்டது. மிச்சம் இருப்பது நாலைந்து ஜோடிகள்தான். அதனால்தான் அவர்களுக்கே மறந்து போகிறது. நமக்கோ ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு என்று தினமும் வாயில் புழங்குகிறது.

ஒரு எச்சரிக்கை: 'எதை' என்ற கேள்விக்குப் பதில் வந்தாலே பிறவினை என்று தமிழ்ப் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். "சோற்றை உண்டான்" என்பதில் பதில் வருகிறது, ஆனாலும் அது தன்வினைதான். அது செயப்படுபொருள் குன்றா வினை. இந்த ஆங்கில ஜோடிகளைப் பிரிக்க மட்டும் நம் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்.

8. சாவி பொருந்தாத ஒரு பூட்டு

'வில்', 'ஷல்' இரண்டையும் நம் கேள்வியால் பிரிக்க முடியாது. இதற்கு வேறு கதை இருக்கு.

1653-இல் ஜான் வாலிஸ் என்ற கணித மேதை ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். அதில் வந்த விதி பல தலைமுறைகளாகப் பாடப் புத்தகங்களில் இருந்தது. நான், நாம் என்றால் 'ஷல்' வெறும் எதிர்காலம், 'வில்' உறுதி. நீ, அவன், அவள் என்றால் அப்படியே தலைகீழ்.

இப்போது நம் நாட்டுப் பள்ளிகளிலும் பாடுகிற 'வீ ஷல் ஓவர்கம்' பாட்டைப் பாருங்கள். 1945-46இல் அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்துப் புகையிலை ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதைப் பாடினார்கள். அவர்களில் பலர் கறுப்பினப் பெண்கள். அப்போது அது 'வீ வில் ஓவர்கம்'. பிறகு பீட் சீகர் என்ற பாடகர் வழியாகப் பரவும்போது 'வில்' போய் 'ஷல்' வந்தது. மாற்றியது தானாக இருக்கலாம், செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியையாகவும் இருக்கலாம் என்று சீகர் சொன்னார். 'ஷல்' என்றால் வாய் நன்றாகத் திறந்து ஓசை வெளியே வருகிறது என்பது அவர் எண்ணம்.

பழைய விதிப்படி பார்த்தால் 'வில்'லில் இருந்த உறுதி போய்விட்டது! ஆனால் யாருக்காவது அந்தப் பாட்டு பலவீனமாகக் கேட்டதா? 1963-இல் வாஷிங்டன் பேரணியில் அதைப் பாடினார்கள். 1965 மார்ச் 15-இல் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பேசும்போது அதே மூன்று சொல்லை நாடாளுமன்றத்திலேயே சொன்னார். விதி ஒரு பக்கம் இருக்க, பாடியவர்களின் மனசில் இருந்த உறுதி அந்தச் சொல்லுக்குள் ஏறிவிட்டது.

9. இதை ஏன் எழுதுகிறேன்?

ஒரு பேச்சுப் போட்டியில் நம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலத்தில் பேசினாள். நல்ல பேச்சு. நடுவில் 'லை' சொல்ல வேண்டிய இடத்தில் 'லே' சொன்னாள். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்தப் போட்டிக்கும் அவள் பெயர் கொடுப்பதில்லை. வகுப்பில் விடை தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

அவள் மாற்றிச் சொன்ன அதே சொல்லை நோபல் பரிசு வாங்கியவர் பாட்டின் தலைப்பிலேயே வைத்திருக்கிறார். பிரபு ஒருவர் கவிதையில் வைத்திருக்கிறார். அவர்களைப் பார்த்து யாரும் "உனக்கு ஆங்கிலம் வராது" என்று சொல்லவில்லை. "பாட்டில் அப்படி வரலாம்" என்றுதான் சொல்கிறார்கள். பேச்சு வழக்கு பாட்டுக்கு அழகு, அது உண்மைதான். நம் சினிமாப் பாட்டிலும் பேச்சுத் தமிழ் வருகிறதே. ஆனால் பெரியவர்கள் சொன்னால் வழக்கு, நம்மைப் போன்ற பிள்ளைகள் சொன்னால் சிரிப்பா?

அதற்காக எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. பாட்டில் நடப்பது பரீட்சையில் நடக்காது. மதிப்பெண் போய்விடும். சரியானதைப் படித்துக்கொள்வோம். ஆனால் சரியாகத் தெரிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாம். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று பெரியவர்கள் சொன்னது ஆங்கிலத்துக்கும்தான். பேசாமல் நாப்பழக்கம் எங்கிருந்து வரும்?

யாராவது மாற்றிச் சொன்னால் சிரிக்காதீர்கள். "எதை?" என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். அவளே திருத்திக்கொள்வாள். திருந்துவதும் திருத்துவதும் கூட ஒரு ஜோடிதான், இல்லையா?

10. ஒரே பார்வையில்

பதில் வராதவை: லை (படு), ரைஸ் (எழு), சிட் (உட்கார்), ஃபால் (விழு)
பதில் வருபவை: லே (கிடத்து), ரெய்ஸ் (எழுப்பு), செட் (வை), ஃபெல் (வீழ்த்து)
வா என்றால் பிரிங், போ என்றால் டேக்
கொள் என்றால் லேர்ன், கொடு என்றால் டீச்

11. முயன்று பாருங்கள்

கீழே உள்ள வாக்கியங்களுக்கு எந்த ஆங்கில வினை வரும்? காலத்தையும் கவனியுங்கள்.

அ. தாத்தா திண்ணையில் படுத்திருக்கிறார்.
ஆ. எங்கள் கோழி நேற்று ஒரு முட்டையிட்டது.
இ. நேற்று இரவு நான் மொட்டை மாடியில் படுத்தேன்.
ஈ. தக்காளி விலை ஏறிவிட்டது.
உ. விடை தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.
ஊ. குடத்தைத் திண்ணையில் வை.
எ. சூரியன் ஆறு மணிக்கு மறைந்தது.
ஏ. இந்த நோட்டுகளை ஆசிரியர் அறைக்குக் கொண்டு போ.
ஐ. அக்கா எனக்குத் தையல் கற்றுக்கொடுத்தாள்.
ஒ. புளியமரத்தை வெட்டி வீழ்த்தினார்கள்.

விடைகள்: அ. இஸ் லையிங். ஆ. லெய்ட். இ. லே (இதில்தான் நிறைய பேர் மாட்டுவார்கள்!). ஈ. ஹேஸ் ரிசன். உ. ரெய்ஸ். ஊ. செட். எ. செட். ஏ. டேக். ஐ. டாட். ஒ. ஃபெல்டு.

பத்தும் சரியாக எழுதியவர்கள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். குறைவாக எழுதியவர்கள் நாளை இடைவேளையில் இன்னொரு தடவை வந்து பாருங்கள். சுவரிதழ் எங்கேயும் ஓடிவிடாது, இந்த மாதம் முழுக்க இங்கேதான் இருக்கும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி